தரங்கம்பாடியில் கன்னடம்

டேனிஷ் கோட்டையைப் பார்க்கப் போகிறேன் என்று ஆபீசில் சொல்லி மூன்று நாள் லீவு எடுத்தேன். பொய். அந்தக் கோட்டை எத்தனையோ காலமாக நிற்கிறது, நான் போய்ப் பார்க்காவிட்டால் அழுதுவிடாது. தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பொறையாற்றில் என் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தது. இரண்டு வருஷமாக அவள் என்னோடு பேசவில்லை. அதைச் சரிசெய்யத்தான் போனேன்.

தப்பு என்மேல்தான். பெங்களூரில் தொம்மலூரில் வளர்ந்த எங்களுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. காவிரிக் கலவர நாட்களில் பஸ்ஸில் அதுதான் எங்களுக்குக் கவசம். தமிழ்நாட்டுக்குக் கல்யாணம், காதுகுத்து என்று போனால் அதுவே ரகசிய மொழி. சொந்தக்காரர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டே அவர்கள் புடவை, சாம்பார், பெருமை எல்லாவற்றையும் நானும் அவளும் கிழிகிழியென்று கிழிப்போம். ஒருவருக்கும் புரியாது.

கல்யாணத்தன்று அவள் தலையில் பூவைச் சரிசெய்தபடி, மாமியாரைக் கண்ணால் காட்டி, “முக நோடே, ஹாகல்காயி திந்தங்கிதே” என்றேன். பாகற்காய் தின்ற மூஞ்சி. அந்த அம்மாள் நிதானமாகத் திரும்பினார்.

“ஹௌதம்மா, நிம்ம தங்கி இன்மேலே ஈ முகானே நோடபேக்கு.”

ஆமாம்மா, இனிமேல் உன் தங்கை இந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அவர் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவராம். எங்கள் பக்கத்தில் யாரும் அதைக் கேட்டு வைக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது அவள்.

அதற்குப் பிறகு கடிதம் இல்லை. பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை மட்டும் வரும், வெறும் கையெழுத்தோடு. அப்பா அம்மா முன்பே போய்விட்டார்கள். தொம்மலூர் வீட்டில் நானும் ஒரு ரேடியோவும். பஸ்ஸில் ஏதாவது வேடிக்கையாகப் பட்டால் சட்டென்று பக்கத்து சீட்டைப் பார்ப்பேன். யாரோ ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள்.

காலையில் தரங்கம்பாடியில் இறங்கி எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தேன். “கோட்டைகிட்ட பீச்ல இருக்கேன், வர்றியா?”

“அத்தைகிட்ட கேட்டுட்டு வரேன்” என்று வைத்துவிட்டாள். எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை.

காத்திருந்தேன். ஒரு பக்கம் கோட்டை, இன்னொரு பக்கம் கடல் பாதி தின்றுவிட்ட சிவன் கோயில். கப்பலேறி அவ்வளவு தூரம் வந்த டேனிஷ்காரர்கள்கூடக் கூட்டமாகத்தான் வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வெயிலில் மணலில் என்னைத் தவிர ஒரு நாய் இருந்தது, அதுவும் கோட்டை நிழலுக்குப் போய்விட்டது. கடைத்தெரு பக்கத்தில்தான். எழுந்து போனால் அதற்குள் அவள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. போகவில்லை.

நான்கு மணிக்கு வந்தாள், மாமியாரோடு. கொஞ்சம் இளைத்திருந்தாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, நாங்கள் பேசட்டும் என்று தள்ளிப் போய்க் கோட்டைச் சுவரோரம் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் அலை ஓரமாக நடந்தோம்.

“தப்பாய்து கணே” என்றேன். தப்பு நடந்துபோச்சுடி என்பதைக் கன்னடத்தில்தான் அவளிடம் சொல்ல முடிந்தது.

“தமிழ்லயே பேசுக்கா” என்றாள். “எங்க வீட்ல யாரும் கன்னடம் பேசறதில்ல.”

எங்க வீடு என்று சொன்னாளே, அது தொம்மலூர் இல்லை. தமிழில் ஆபீஸ் பற்றிக் கேட்டாள், உடம்பு பற்றிக் கேட்டாள். ஊரிலிருந்து வந்த யாரோ ஒருத்தியிடம் கேட்பதுபோல் கேட்டாள். நானும் தமிழில் பதில் சொன்னேன். அலை வந்து புடவை ஓரத்தை நனைத்ததும், “நேரமாச்சு, கிளம்பறோம்” என்றாள்.

மாமியார் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு கிட்டே வந்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஊட்டா ஆய்தா?” என்று கேட்டார்.

சாப்பாடாச்சா என்று பெங்களூரில் எதிர்ப்படுகிறவர்களெல்லாம் கேட்கிற கேள்விதான். வீட்டுக்கு வாக்கா என்று தங்கை ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

“ஆய்து” என்றேன்.