வெளிச்சத்துக்கு வழி அடைப்பவர்

அடுக்கு அக்கா இருபது வருடமாகத் தும்மியதே இல்லை என்று கேன்டீனில் யாரோ சொன்னதாகக் கிடங்குக்காரர் என்னிடம் சொன்னார். நான் அவர் வேலை செய்யும் அறைக்குப் போனபோது, தொப்பியும் முகக்கவசமுமாக, பென்சிலின் கரிக்குச்சி அளவே தடிமனுள்ள கண்ணாடிக் குழாய் ஒன்றை அவர் இடுக்கியால் தூக்கிக்கொண்டிருந்தார். வதந்தியைச் சொன்னேன். குழாயை அதன் இடத்தில் கிடத்திய பிறகே பதில் வந்தது.

"தும்மாம இருக்க நான் என்ன சிலையா? வந்தா வாசலுக்கு ஓடிடுவேன். ஒரு தடவ ஓடுற வேகத்துல மேனேஜர் மேலயே தும்மிட்டேன். அத மட்டும் யாரும் பேச மாட்டாங்க."

அவருடைய வேலை அடுக்குவது. முழ நீளக் குழாய்கள், முந்நூறுக்கும் மேல், தேன்கூட்டு அறைகள்போல் ஒன்றையொன்று ஒட்டி, ஆறு பக்கக் கட்டாக. நடுவில் மட்டும் ஏழு குழாய்களுக்கான இடத்தைக் காலியாக விடுவார். அந்தக் கட்டை உலையில் இளக்கி இழுத்தால் தலைமுடி போன்ற இழை வரும். குழாய்கள் கண்ணுக்கே தெரியாத துளைகளாகச் சுருங்கும், வரிசை கலையாது. அந்த வரிசை பிசகாமல் இருந்தால், குறிப்பிட்ட அலைநீள ஒளி அதற்குள் நுழையவே முடியாது. நடுவில் விட்ட வெற்றிடத்தில்தான் ஓடியாக வேண்டும். பேராசிரியர்கள் பலகை நிறையச் சமன்பாடு எழுதி விளக்குவதை அக்கா இப்படிச் சொல்வார்: "நாம வெளிச்சத்தப் பிடிச்சு வைக்கல தம்பி. எந்தப் பக்கமும் வழி விடல, அவ்வளவுதான். அது பாவம், வேற எங்க போகும்?"

ஒவ்வொரு குழாயையும் கருவியில் அளப்பார். கருவிமேல் சந்தேகம் உள்ளவர்போலக் கண்ணாடிப் பலகையில் மெல்லத் தட்டி ஒலியும் கேட்பார். சுவர் இம்மியளவு தடித்திருந்தாலும், "இதுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று வலப்பக்கத் தட்டில் ஒதுக்கிவிடுவார். நல்லவை இடப்பக்கம். கேன்டீன் மேசையில் தம்ளர்கள் கிடந்தால், கை தானாக ஒன்றைச் சுற்றி ஆறாக வைத்துவிடும். "வீட்டுக்கு வர்ற விருந்தாளியக்கூட அளந்துதான் உக்கார வைப்பா" என்பது அவர் கணவரின் புகார்.

விதிப்படி, முடிந்த கட்டை இன்னொருவர் உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். அக்கா அடுக்கினால் யாரும் பார்ப்பதில்லை. நகரின் மறுகோடியில் உலைக்கூடத்தில் இருக்கும் இழை இழுப்பவர், "அக்கா அடுக்குன கட்ட நான் சோதிச்சா, எனக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்" என்பாராம்.

அன்று காலை ஒரு கட்டு வேனில் போயிருந்தது. மதியம் ஒதுக்கிய தட்டைத் துடைக்க எடுத்த அக்கா, அதிலிருந்த குழாய்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். குறிப்பில் பன்னிரண்டு. தட்டில் பதினொன்று.

"நேத்து ஏசி ரிப்பேர்காரர் ஏணி போட்டிருந்தாரு. நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் உக்காந்தேன். சளித்தட்டு எனக்கு இடக்கைப் பக்கம் வந்துடுச்சு. உடனே கவனிச்சு மாத்திட்டேன். மாத்துறதுக்கு முன்னாடியே கை ஒண்ண எடுத்திருக்கு."

"ஒண்ணுதானேக்கா? சோதனைல தெரிஞ்சுடாதா?"

"அங்க இழைய நேரா வச்சுத்தான் சோதிப்பாங்க, தெரியாது. வளைச்சா அந்த எடத்துல வெளிச்சம் கசியும்."

மூச்சுக்குழாய்க் கட்டியை லேசரால் அறுக்கப்போகும் ஒரு மருத்துவருக்கான இழை அது. தொண்டைக்குள் வளைந்துதான் போயாக வேண்டும்.

"கசிஞ்சா சுடும் தம்பி. உள்ள இருக்கிறது யாரோட தொண்டையோ!"

உலை இரண்டு மணிக்குச் சூடேறும். இளகிவிட்டால் எந்தக் குழாய் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மணி ஒன்று ஐம்பது. மேனேஜரிடம் முதலில் சொல்லலாமே என்று நான் இழுத்தேன். ஊருக்குப் புதியவன், எனக்கு இங்கே எல்லாவற்றுக்கும் பயம்.

"அவர்கிட்ட அப்புறம் திட்டு வாங்கிக்கலாம். மொதல்ல உலை நிக்கட்டும்."

உலைக்கூடத்து எண்ணைச் சுழற்றினார். யாரும் எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தார். ரிசீவரைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அந்தக் கட்டின் பதிவுத்தாளை இழுத்தார். 'சரிபார்த்தவர்' கட்டத்திலும் அவர் கையெழுத்தே இருந்தது. அதன்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'யாரும் பார்க்கவில்லை' என்று நிதானமாக எழுதினார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.