நேத்தோட விட்டாச்சு, சார்

என் தொழிலில் பொய் சொல்லாத ஆள் வருவது அபூர்வம். அப்படி ஒருவர் வந்துவிட்டால் அவரை என்ன செய்வதென்று எனக்கே தெரியாது. தூத்துக்குடியில் ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். மருந்து மாத்திரை டாக்டர் பொறுப்பு, பேச்சு என் பொறுப்பு. முதல் நாள் வருகிறவர்கள் பெரும்பாலும் "நேத்தோட விட்டாச்சு, சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் வரை வரும் வாசனை வேறு கணக்குச் சொல்லும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்து, வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அன்றைய அளவைக் கண்டுபிடித்துவிடுகிறவர் நீங்கள் என்றால், உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. நான் சம்பளம் வாங்கிக்கொண்டு படுவதை நீங்கள் சும்மா படுகிறீர்கள், அவ்வளவுதான்.

இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் ஒருவரைப் பற்றி. இன்னாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரைச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவர் மனைவி கோபித்துக்கொள்வார்.

வியாதி யாருக்கு?

இன்னாசிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. சங்கு குளிக்கிறவர். முத்தெல்லாம் எப்போதோ போயிற்று, இப்போது கடலடியில் தேடுவது சங்குதான். படகில் ஒரு கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து நீளமான டியூப் வழியாகக் காற்று கீழே போகும். அதை வாயில் கவ்விக்கொண்டு, ஏழெட்டு ஆள் ஆழத்தில் மணலைத் தடவிச் சங்கு பொறுக்க வேண்டும்.

பொங்கல் முடிந்த வாரம் மனைவி அமலி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மேஜைக்கு எதிரே நோயாளி உட்காரும் நாற்காலியை இன்னாசி மனைவிக்கு இழுத்துப் போட்டுவிட்டு, கூட வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. வலது கை மட்டும் நடுங்கியது. அதை இடது கையால் மடியில் அமுக்கி வைத்திருந்தார். "சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்று பொதுவாகக் கேட்டேன். அமலி வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"வியாதி அவளுக்குத்தான் சார். நான் குடிச்சா அவளுக்குல்லா தூக்கம் வரமாட்டேங்கு!"

இரண்டு தண்ணி

எங்களிடம் ஒரு படிவம் உண்டு. என்றிலிருந்து, எவ்வளவு, எதற்காக என்று மூன்று பக்கம். 'எதற்காக' என்ற இடத்தில் இன்னாசி விரிவாகவே பதில் சொன்னார். கடலடியில் நாலைந்து மணி நேரம் கிடந்துவிட்டு மேலே வந்தால் குளிர் எலும்பில் ஏறி உட்கார்ந்திருக்குமாம். தோள்பட்டையும் முட்டியும் ராத்திரி முழுக்கக் குடையுமாம். அதற்குத்தான் மருந்து மாதிரி.

மருந்து என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் உஷாரானேன். சாராயம் உடம்பைச் சூடாக்குவதில்லை, உள்ளே இருக்கிற சூட்டையும் வெளியே விட்டுவிடும் என்று ஆரம்பித்து, சுவரில் தொங்கிய கல்லீரல் படத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டி, கால் மணி நேரம் பேசினேன். மரியாதையாகக் கேட்டார். முடிந்ததும், "சாருக்கு எந்த ஊரு?" என்றார். சாத்தான்குளம் என்றேன். "நீச்சல் தெரியுமா?" தெரியாது என்றேன். "எப்பமாவது குடிச்சிருக்கேளா?" இல்லை என்றேன். இரக்கத்தோடு என்னைப் பார்த்தார்.

"அப்ப சாருக்கு இந்தத் தண்ணியும் தெரியாது, அந்தத் தண்ணியும் தெரியாது."

டியூப்பைப் பிடித்தவன்

இவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுகிறவர் எதற்காக இங்கே வரச் சம்மதித்தார் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அமலியின் தம்பி சகாயம் வந்தான். இருவரும் ஒரே படகு. இன்னாசி கீழே போனால் மேலே டியூப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவது சகாயம். ஒரு இழுப்பு இழுத்தால் மேலே தூக்கு, இரண்டு இழுத்தால் இன்னும் கொஞ்சம் டியூப் விடு. பன்னிரண்டு வருஷமாக இருவருக்கும் இடையே பேச்சு அதுதான்.

அதற்கு முந்தின மாதம் ஒரு நாள், விடியற்காலை வரை குடித்த உடம்போடு இன்னாசி இறங்கியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு இழுப்பு, உடனே இரண்டு, பிறகு மூன்று, நாலு. சகாயத்துக்கு ஒன்றும் புரியவில்லை. இழுத்தான். டியூப் மட்டும் லேசாக வந்தது. குதித்துப் போய்ப் பார்த்தால் மச்சான் டியூப்பைத் துப்பிவிட்டு மணலில் யாரையோ தேடுகிறவர் மாதிரி தடவிக்கொண்டிருந்தார். தூக்கிக்கொண்டு வந்தவன் அன்றைக்கே சொல்லிவிட்டான், இனி இவர் இந்தப் படகில் ஏறக் கூடாது என்று. மற்ற படகுக்காரர்களும் ஏற்றவில்லை. இதையெல்லாம் சகாயம் என்னிடம் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"எங்க அக்கா வெள்ளைச் சேலை கட்டுனா, யாரால கட்டுனான்னு ஊரு கேக்கும். டியூப்பப் பிடிச்சவன் நான்லா சார்."

நாற்பது நாள்

டாக்டரின் கவனிப்பில் பத்து நாள் உள்ளே இருந்தார். கைநடுக்கம் நின்றது. வீட்டுக்குப் போனார், கரையில் சங்கு கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். வாராவாரம் செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு வந்தார். பிப்ரவரி போனது, மார்ச் போனது, ஒரு சொட்டு இல்லை. நான் அவருடைய கோப்பில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி அடியில் கோடும் போட்டேன்.

நான் கவனிக்காத விஷயம் ஒன்று இருந்தது. அந்த நாட்களில் பெரும்பகுதி தவக்காலம். கடற்கரை ஊர்களில் எப்பேர்ப்பட்ட குடிகாரரும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் தொட மாட்டார். என்னுடைய பயிற்சியில் நின்றார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவர் ஆண்டவருக்காக நின்று நாளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். ஈஸ்டர் அன்று பூசை முடிந்து உறவுக்காரர்களோடு உட்கார்ந்தவர் மறுநாளும் எழுந்திருக்கவில்லை. அமலி போன் செய்தார். அழுகை இல்லை, வானிலை அறிக்கை வாசிக்கிற குரல்.

"ஆண்டவரு உயிர்த்துட்டாரு. இவரு விழுந்துட்டாரு சார்."

மூணு மணி வெயில்

அதற்கப்புறம் அவர் மறுபடியும் மையத்துக்கு வந்தபோது சத்தியம், சபதம் எதையும் நான் கேட்கவில்லை. எந்த நேரத்தில் உடம்பு குடியை ரொம்பக் கேட்கிறது என்று மட்டும் விசாரித்தேன். யோசித்துவிட்டு, மத்தியானம் மூணு மணி என்றார். படகுகள் கரைக்கு வருகிற நேரம். வேலை முடிந்து எல்லோரும் ஒரு பக்கமாக நடப்பார்கள். வழியில் ரோடு இரண்டாகப் பிரியும், இடது பக்கம் மதுக்கடை, வலது பக்கம் வீடு. சரி, அந்த நேரத்துக்கு நானே வருகிறேன், சேர்ந்து நடப்போம் என்றேன். பாடத்திட்டத்தில் இல்லாத வேலை. டாக்டர் ஒத்துக்கொண்டார்.

முதல் சில நாட்கள் நேரே வீட்டுக்கு நடந்தோம். ஒரு நாள் ரோடு பிரிகிற இடத்தில் நின்றுவிட்டார். கடைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. முகமெல்லாம் வேர்வை. நானும் பக்கத்தில் நின்றேன். கால் மணி நேரம் நின்றிருப்போம். பிறகு அவராகவே வலது பக்கம் திரும்பினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கால் மணி நேரத்தில் எங்கள் ஊர் வியாபாரி ஒருவர் அந்த வழியாகப் போயிருக்கிறார் என்பது மறுநாள் காலை சாத்தான்குளத்திலிருந்து அப்பா கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. பலசரக்குக் கடையில் உட்காரச் சொன்னால் கேட்காமல் இந்த வேலைக்கு வந்தவன் மேல் அவருக்கு ஏற்கெனவே மனக்குறை.

"குடிகாரனத் திருத்தப் போறேம்னு சொல்லிட்டு, கடை முன்னால அவங்கூட நிக்கியாமே? ஏலே, அங்கன யாருலே யாரத் திருத்துதது?"

செவ்வாய்க்கிழமை

எங்கள் கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் எத்தனை நாள் குடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஜூன் மாதம் ஒரு செவ்வாயன்று, ஐம்பத்திரண்டு என்று சொல்ல வேண்டிய இன்னாசி "ஒண்ணு" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டாராம். அமலிக்குக்கூடத் தெரியாதாம்.

துறைமுகத்தில் லாரி ஓட்டும் முத்தையா எதிரே உட்கார்ந்திருந்தார். கூட்டத்திலேயே அதிக நாள் கணக்கு அவருடையதுதான். "யாருக்கும் தெரியாதுல்லா, பொறவு என்னத்துக்குவே சொன்னீரு?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். இன்னாசி கையை விரித்துப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"கீழ கிடந்துக்கிட்டு, மேல இருக்கவங்கிட்ட பொய்யா டியூப்ப இழுத்தா செத்துருவோம்வே."

முத்தையாவின் வீடு

புதிதாக வருகிறவர்களுக்கு உதாரணமாக நான் காட்டுவது முத்தையாவைத்தான். ஆகஸ்டில் இரண்டு செவ்வாய் அவர் வரவில்லை. லோடு இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் வீட்டுக்குப் போனேன். பட்டப்பகலில் உள்ளே படுத்திருந்தார். கதவைப் பாதி திறந்துகொண்டு அவர் மனைவி மட்டும் நின்றார். இன்னொரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள், இது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் கூட்டிக்கொண்டு வரவில்லை. முத்தையாவும் திரும்ப வரவில்லை. அன்றைக்கு அந்த அம்மா சொன்னதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

"நாலு மாசம் நல்லா இருந்துட்டாரு சார். பிள்ளையளுக்குப் பயம் விட்டுப்போயிட்டு. இப்பம் மறுபடியும் முதல்லருந்து பயப்படச் சொல்லிக் குடுக்கணும்."

மறுபடியும் கடல்

அக்டோபரில் சங்கு சீசன் ஆரம்பித்தது. இன்னாசி நாலு மாதம் தொடாமல் இருந்தார். டாக்டர் நெஞ்சையும் ரத்தத்தையும் பரிசோதித்துவிட்டு இறங்கலாம் என்றார். சகாயம் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். தினமும் படகைத் தள்ளுவதற்கு முன் மச்சான் தன் முகத்துக்கு நேரே ஊத வேண்டும். இன்னாசி அதற்கு ரோஷப்படவில்லை. முதல் நாள் என்னையும் படகில் வரச் சொன்னார்கள். எத்தனையோ பேருக்குத் தைரியம் சொல்கிறவன், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

கரையில் நின்று இன்னாசி ஊதினார். சகாயம் கண்ணை மூடி முகர்ந்தான். ஏறச் சொன்னான். கரை மறைந்த கொஞ்ச நேரத்திலேயே என் வயிறு புரள ஆரம்பித்துவிட்டது. இன்னாசி சிலுவை போட்டுக்கொண்டு, டியூப்பைக் கவ்வி, பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீருக்குள் போனார். சகாயம் டியூப்பை இரண்டு விரலுக்கிடையில் வைத்துக்கொண்டு குமிழி வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பலகையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெடுநேரம் கழித்து அவன் கை அசைந்தது. ஒரே ஒரு இழுப்பு. இழுத்தான். வலைப்பையில் ஏழு சங்கோடு இன்னாசி மேலே வந்தார். பையை வாங்கிய சகாயம் அதைக் கீழே போட்டுவிட்டு, மச்சானின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டான். நானும் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை, மிச்சம் இருந்த இட்லிதான் வந்தது. பக்கத்தில் வந்த படகிலிருந்து ஒருவர் எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏலே சகாயம், குடிய விட்டவன் வாரான்னு சொன்னியே, அது இந்த வாந்தி எடுக்குத ஆளா?"

இன்னாசி கரைசேர ஒன்பது மாதம் ஆனது, என் வயிறு சரியாக மூன்று நாள் ஆனது, இரண்டையும் சேர்த்து எங்கள் மையத்தின் பதிவேட்டில் 'களப்பணி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.