செந்தூரில் நான் செலுத்தாத நேர்த்தி

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் வைகாசியில் என் வேலை போகப்போகிறது என்று தெரிந்தது. செந்திலாண்டவர் என்னைக் கைவிடவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். கேட்டு முடித்தபின் என் முகத்தில் காறித் துப்ப உங்களுக்குத் தோன்றினால் துப்புங்கள். அதற்குப் பயந்து மூடி வைக்க என்னால் முடியவில்லை.

என் பெயர் முத்துக்கனி. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். மூட்டை தூக்குகிறவர்கள், தோணிக்காரர்கள், உப்பளத்துக்காரர்கள், இவர்களுடைய பிள்ளைகள்தான் எங்களிடம் வரும். மூக்கு ஒழுகிக்கொண்டு அழுதுகொண்டு வரும். பெரிய வகுப்புக்கு லாயக்கில்லாதவளைச் சின்ன வகுப்பில் உட்கார வைப்பது அப்போது வழக்கம். அப்படித்தான் என்னை உட்கார வைத்தார்கள். எட்டு வருஷம் இருந்தேன். பயிற்சி எதுவும் படித்ததில்லை. பிள்ளைகளைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். கையில் எப்போதும் கம்பு இருக்கும்.

என்னோடு தங்கம் என்று இன்னொரு டீச்சர். வயதில் என்னை விடச் சின்னவள், வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான். அவளுக்கும் பயிற்சி கிடையாது. ஆனால் கரையில் கிடக்கிற சிப்பிகளைப் பொறுக்கி வந்து பிள்ளைகளை எண்ண வைப்பாள். பாடுவாள், கூடச் சேர்ந்து ஆடுவாள். பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு திரியும்.

"இது பள்ளிக்கூடமா, திருவிழாவா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"திருவிழான்னே வெச்சுக்கிடுங்க அக்கா. அழாம வருதுவல்லா" என்றாள்.

ஹெட்மாஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். பயிற்சி இல்லாதவர்களைச் சின்ன வகுப்பில் வைத்திருக்கக் கூடாது என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்களாம். ஒருத்தியைச் சென்னைக்குக் கிண்டர்கார்டன் பயிற்சிக்கு அனுப்பப் பள்ளிக்கூட மானேஜர் ஒத்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷப் படிப்பு. படித்து வந்தால் சின்ன வகுப்புகளுக்கு அவள்தான் தலைமை. மற்றவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"தங்கம் போகட்டும். இன்ஸ்பெக்டரம்மா அவ வகுப்பத்தான் மெச்சிட்டுப் போனாவ" என்றார்.

"எட்டு வருசமா மூக்கத் தொடச்சது நான் சார்."

"மூக்கத் தொடைக்கதுக்கு ஒரு துண்டு போதும் டீச்சர்" என்றார்.

அந்தச் சொல் என்னைத் தின்றது. எனக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் கருப்பட்டிக் கடையில் நிற்கிறார். டீச்சர் என்று நாலு பேர் கூப்பிடுவது ஒன்றுதான் எனக்கு என்று இருந்தது. அதையும் நேற்று வந்தவள் எடுத்துக்கொண்டு போகிறாள் என்று வயிறு எரிந்தது.

கிருத்திகைக்குச் செந்தூர் போனேன். எங்கள் ஜனம் கோவிலுக்கு வெளியே நின்று கும்பிட்ட காலம் ஒன்று உண்டு. என் அப்பா சாகும்வரை சந்நிதியைப் பார்த்ததில்லை. எனக்குத்தான் உள்ளே போகக் கொடுத்துவைத்தது. உள்ளே போய் நின்று நான் கேட்டது என்ன தெரியுமா? "தங்கம் போகக் கூடாது. என்ன நடந்தாலும் சரி, அவ போகக் கூடாது. நான் போகணும். நடத்திக் குடு, முழு மொட்டை போடுதேன்."

ஆனி பிறந்தது. தங்கம் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வாரம் அவள் மகள் பேச்சி காய்ச்சலில் விழுந்தாள். மூன்று வயதுப் பிள்ளை. டாக்டர் விஷக்காய்ச்சல் என்றார். மூன்று வாரம் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றார்.

ஹெட்மாஸ்டர் என் வீட்டுக்கே வந்தார். "தங்கத்துக்கு இப்பம் போக முடியாது. நீங்க கெளம்புங்க டீச்சர்" என்றார்.

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. சென்னைக்கு எந்தெந்தச் சேலையை எடுத்துப் போகலாம் என்று யோசித்தேன். பிள்ளை எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்கக்கூட இல்லை.

ஊர் வாய்க்குப் பயந்து மறுநாள் பார்க்கப் போனேன். பிள்ளை கோரைப் பாயில் சுருண்டு கிடந்தது. உதடு வெடித்திருந்தது. தங்கம் பார்லித் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து வாயோரம் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கொழும்புத் தோணியில் போயிருந்தான். வேறு ஆள் துணை இல்லை. என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க மாசந்தவறாம செந்தூர் போறவிய. நீங்க கேட்டா சாமி குடுக்கும். பிள்ளைக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் ஏற்கெனவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். சாமியும் கொடுத்துவிட்டது. அவள் கையிலிருந்து என் கையை உருவிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற பஸ். ஆத்தூரில் நின்றுவிட்டது. கரியைக் கிண்டி மறுபடி கிளப்பும்வரை வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து யோசித்தேன். கேட்டது நடந்துவிட்டது. நடந்தால் நேர்த்தியைச் செலுத்த வேண்டும். பாக்கி வைத்துக்கொண்டு அடுத்ததை எப்படிக் கேட்பது? முதலில் மொட்டை போடுவோம், பிறகு பிள்ளைக்காகக் கேட்போம் என்று முடிவு செய்தேன். அப்போது அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

முடிக்கொட்டகையில் உட்கார்ந்தேன். முடி எடுக்கிறவர் வயதான மனுஷன். தலையில் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்தார்.

"மூணு கத்தரி பூமுடியா, முழு மொட்டையா தாயி?"

"மொட்டை."

"சந்தோசம். என்ன காரியம் கூடிச்சு?"

வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். எனக்கு முன்னால் இருந்தவள் மகனுக்குக் கல்யாணம் ஆச்சு என்றாள். அதற்கு முந்தினவர் கேஸ் ஜெயித்தது என்றார். நான் என்ன சொல்ல? மூன்று வயதுப் பிள்ளை சாகக் கிடக்கிறது, அந்தக் காரியம் கூடிச்சு என்று சொல்லவா? இந்த முடியைக் கொடுத்தால் அதற்கு நன்றி சொன்னதாகிவிடும். எழுந்துவிட்டேன்.

"பயந்துட்டியளா? தண்ணி தெளிச்ச தலைய அப்படியே கொண்டுபோனா வீட்டுல கேக்க மாட்டாவளா?" என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஈரத் தலையோடு சந்நிதிக்குப் போனேன். கும்பிடக் கை வரவில்லை. "நான் கேட்டது நடந்துட்டு. ஆனா நேர்த்தியச் செலுத்த மாட்டேன். எனக்கு அந்த எடம் வேண்டாம், நீயே வெச்சுக்கோ. நான் ஏமாத்திட்டேன்னு நெனச்சா என்னைக் கேளு. அந்தப் பிள்ளைய விட்டுரு" என்றேன். அதற்குப் பதிலாக எதையும் தருவதாகச் சொல்லவில்லை. பேரம் பேசிப் பேசித்தானே இந்த நிலைக்கு வந்தேன்.

இலை விபூதியை வாங்கிக்கொண்டு நேரே தங்கம் வீட்டுக்குப் போனேன். காய்ச்சல் அப்படியேதான் கொதித்தது. நான் முதலில் வேண்டிக்கொண்டதை அவளிடம் சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

அவள் திரும்பிப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "எம் பிள்ளைய வெச்சா பந்தயம் கட்டுனிய?" என்றாள். "வெளிய போங்க."

விபூதியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஹெட்மாஸ்டரிடம் போய், நான் சென்னைக்குப் போகவில்லை என்றேன்.

"கிறுக்கு பிடிச்சிருக்கா? யாரும் போகலன்னா மானேஜர் ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிருவாரு."

"பிள்ளைக்குச் சொகமானா தங்கம் போவா. பிந்தி வந்து சேரலாமான்னு அங்க எழுதிக் கேளுங்க சார்."

முனகிக்கொண்டே எழுதினார். நான் வகுப்புக்குப் போனேன், வந்தேன். கம்பை எடுக்கக் கை கூசியது. பேச்சி வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தங்கம் வீட்டுத் தெரு வழியாக நடக்கவும் தைரியம் இல்லை. சாமியிடம் கேட்டதெல்லாம் பிள்ளையை விட்டுவிடு என்கிற ஒன்றைத்தான்.

ஆனி முடிகிற சமயம் ஒரு மத்தியானம் தங்கம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலை சீவி எத்தனை நாள் ஆகியிருக்குமோ. பிள்ளை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"பிள்ளை கஞ்சி கேக்குது" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊரெல்லாம் காய்ச்சல் கெடக்கு. எங்க தெருவுல மட்டும் நாலு வீடு. அத்தனை பேரையும் நீங்கதான் படுக்க வெச்சியளோ? பெரிய மந்திரக்காரி" என்றாள். அதன் பிறகுதான் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆடிக் கடைசிக்குள் வந்து சேரலாம் என்று சென்னையிலிருந்து பதில் வந்தது. பிள்ளையை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றாள் தங்கம். நான்தான் விடாமல் சொன்னேன்.

"பேச்சிய எங்கிட்ட விட்டுட்டுப் போ."

"ஒங்க கம்ப எங்க வைப்பிய?"

"அடுப்புல வைக்கேன்."

"எனக்கு வேற ஆளு கெடையாது. அதனாலதான் விடுதேன். வேற ஒண்ணும் நெனச்சுக்கிடாதிய" என்றாள். நான் ஒன்றும் நினைக்கவில்லை. கம்பை அவள் எதிரிலேயே அடுப்பில் வைத்தேன்.

அந்த வருஷம் பேச்சி என்னோடு இருந்தாள். எலும்பும் தோலுமாக வந்தாள். முதல் வாரத்திலேயே தம்ளரில் தண்ணீரைத் தானே ஊற்றுவேன் என்று அடம்பிடித்தாள். செம்பைச் சாய்த்தாள், தரையெல்லாம் தண்ணீர். என் கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு சும்மா நின்றேன். அவள் மறுபடி ஊற்றினாள், மறுபடி சிந்தியது. செம்பை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். தம்ளரைக் கீழே வைத்துப் பார்த்தாள். கடைசியில் சிந்தாமல் ஊற்றி, குடிக்காமல் என்னிடம் நீட்டினாள். எட்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். ஒரு பிள்ளை ஒன்றைத் தானாகப் படித்துக்கொள்வதை நின்று பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் எத்தனை செம்பைப் பிடுங்கியிருப்பேன், எத்தனை கையில் அடித்திருப்பேன்.

நான் வெளியே போக வேண்டிய நாளும் வந்தது. தங்கம் தேர்ச்சி பெற்றுத் திரும்பிவந்து சின்ன வகுப்புகளுக்குத் தலைமையானாள். முதல் வேலையாக மானேஜரிடம் போய், அடுத்த வருஷம் முத்துக்கனி அக்காவை அனுப்புங்கள், அதுவரை அவர்களை வேலையிலிருந்து எடுக்கக் கூடாது என்று நின்றாள். அவர் சம்மதித்தார். நானும் போனேன், என் வயதில் பாதி வயதுப் பெண்களோடு உட்கார்ந்து படித்தேன், வந்தேன். இப்போது பிள்ளைகள் என் சேலையையும் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள். நான் பெரிய வகுப்புக்குப் போக ஆசைப்படவில்லை. தங்கத்துக்குக் கீழே வேலை பார்ப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

காய்ச்சலைச் சாமி அனுப்பவில்லை என்று தங்கம் சொல்கிறாள். இருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் கேட்டேன் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பேச்சி என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறாள். கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் குத்துகிறது. குத்தட்டும்.

போன கிருத்திகைக்குச் சந்நிதியில் என் பக்கத்தில் நின்ற ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ ஒருத்தி பெயரைச் சொல்லி முணுமுணுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏளா, அவ பேர விட்டுட்டுக் கேளு" என்றேன்.

"ஒம்ம வேலையப் பாரும்" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் உங்களிடமும் அதையே சொல்கிறேன். செந்திலாண்டவர் காதில் எல்லாம் விழுகிறது. என்னைப் போன்றவள் கேட்டதே விழுந்தது. அதனால் தைரியமாகப் போய்க் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள், அடுத்தவள் பிள்ளைக்கும் சேர்த்துக் கேளுங்கள்.