தவக்காலத்தில் வீங்கிய பெருவிரல்

பெரிய வியாழன் மாலைப் பூசையில் பங்குத் தந்தை பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததை நினைவுகூரும் சடங்கு. அந்தப் பன்னிரண்டு பேர் யார் யார் என்ற பட்டியலை பெங்களூர் ஜோகுபாளையத்தில் உள்ள எங்கள் கோயிலில் இருபத்திரண்டு வருடம் நான்தான் தயாரித்தேன். பங்குப் பேரவைச் செயலாளர் என்ற முறையில் அது என் வேலை. தெருவுக்கு ஒருவர், ஒரே வீட்டிலிருந்து அடுத்தடுத்த வருடம் யாரும் கிடையாது, எல்லோரும் வலது காலையே நீட்ட வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும். இவ்வளவையும் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் கோப்பு தள்ளியவனிடம் கடவுள் வேறு எதை எதிர்பார்த்திருப்பார்?

என் பெயரை மட்டும் நான் எழுதியதில்லை. தன் விடுப்பு விண்ணப்பத்துக்குத் தானே ஒப்புதல் தரக் கூடாது என்பது எனக்கு ஊறிப்போன விதி. எழுபது முடிந்ததும் செயலாளர் பொறுப்பை விட்டேன். அடுத்த தவக்காலத்தில், புதிதாக வந்த இளம் பங்குத் தந்தை பட்டியலின் முதல் பெயராக என்னை எழுதிவிட்டார்.

"ஏன் சாமி, ஜோகுபாளையத்துல வேற காலே கிடைக்கலையா?" என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நகம் வெட்டினேன். வெள்ளை வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தேன். அந்த நாற்காலியில் உட்கார எனக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பெரிய வியாழனுக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை விடியும் நேரத்தில், வலது கால் பெருவிரலின் அடி மூட்டில் யாரோ ஆணி இறக்குவது போலிருந்தது. எழுந்து பார்த்தால் விரல் சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. போர்வையின் நுனி பட்டதற்கு நான் போட்ட சத்தத்தில் என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.

"தேளா?"

"முதல் மாடிக்குத் தேள் எப்படி ஏறி வரும்?"

"நீங்க ஏறி வரலையா?" என்று சொல்லிவிட்டுத் தைலப் பாட்டிலை எடுத்துவந்தாள். சூடு பறக்கத் தேய்த்தாள். பிறகு உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். அவள் கைவைத்தியத்தில் எந்த நோய்க்கும் முதல் கட்டம் தேய்ப்பது, இரண்டாம் கட்டம் ஒத்தடம். மூன்றாம் கட்டத்துக்கு நான் உயிரோடு இருக்க விரும்பவில்லை. ஒரு மணி நேரத்தில் விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

மேல்வீட்டில் குடியிருக்கும் பெண் கரூர்க்காரி, ஐ.டி. வேலைக்கு வந்தவள். என் சத்தம் கேட்டு, ஊரிலிருந்து வந்த முடக்கத்தான் கீரையோடு இறங்கி வந்தாள். "அங்கிள், இத தோசை மாவுல அரைச்சு ஊத்திச் சாப்டுங்க. மூட்டு வலி ஓடியே போயிரும்."

"ஓடுறதுக்கு வலிக்கு மட்டும் கால் நல்லா இருக்கும்மா."

தோசை பிரமாதம். நான்கு சாப்பிட்டேன். வலி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

பிற்பகலில் ஆட்டோ பிடித்து, தெருக்கோடியைத் தாண்டி இருக்கும் சின்னக் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் கன்னடப் பெண். "ஏனாயித்து அங்கிள்?" என்று ஆரம்பித்தவர், என் மனைவி முந்திக்கொண்டு தமிழில் புலம்பத் தொடங்கியதும் தானும் தமிழுக்கு மாறினார். விரலைத் தொடாமலே பார்த்தார். தொடாததற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

"யூரிக் ஆசிட் மாதிரி இருக்கு. மட்டன் நிறைய சாப்பிடுவீங்களா? ஈரல், மூளை? பீர்?"

"தவக்காலம், டாக்டர். சாம்பல் புதன்லேர்ந்து இறைச்சி வாசனைகூடக் கிடையாது" என்றேன், தெரிந்தே கொஞ்சம் பெருமையாக.

"அப்ப வேற என்ன சாப்பாடு?"

பதில் சொன்னது என் மனைவி. "மீன்தான் டாக்டர். மத்திக் குழம்பு, நெத்திலி வறுவல். மீன் கிடைக்காத அன்னிக்கு நெத்திலிக் கருவாடு. வெள்ளிக்கிழமை ஒருசந்தி, ஒரே வேளைச் சாப்பாடு. சாயங்காலம் வரைக்கும் தண்ணிகூடக் குடிக்க மாட்டாரு. காபியையும் விட்டுட்டாரு. சாயங்காலம் அசதியா இருக்கேன்னு அந்தப் பாக்கெட்ல வர்ற மாங்கா ஜூஸ், ரெண்டு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அங்கிள், யூரிக் ஆசிட்டை ஏத்தணும், என்ன செய்யணும்னு யாராவது வந்து கேட்டா, இதே லிஸ்ட்டைத்தான் நான் எழுதிக் கொடுப்பேன்."

அதன் பிறகு அவர் சொன்னதை, அலுவலகப் பழக்கத்தில், சீட்டின் பின்புறம் குறித்துக்கொண்டேன். சில உணவுகள் உடம்பில் சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும். வரவு அதிகமானாலோ, தண்ணீர் குறைந்தாலோ, அது ஊசி ஊசியாக உறைந்து மூட்டில் தங்குகிறது. பெருவிரல் உடம்பின் குளிர்ந்த கோடி என்பதால் பெரும்பாலும் அங்கே. ஆட்டிறைச்சியை விட்டவர்கள் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். மத்தியும் நெத்திலியும் இந்த விஷயத்தில் ஆட்டுக்குக் குறைந்தவை அல்ல. இனிப்புப் பானமும் சேர்த்தி. பட்டினி கிடந்து தண்ணீரையும் நிறுத்தினால் கேட்கவே வேண்டாம். ஐந்து வாரம் நான் செய்த தவம் மொத்தமும், ஒரு பகுதிகூட மேலே போகாமல், என் பெருவிரலில் போய்ச் சேர்ந்திருந்தது.

ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியான அளவில் இருந்தது. வலி உச்சத்தில் இருக்கும்போது அப்படிக் காட்டுவது உண்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார். ஆளும் சிக்கினான், திருட்டுச் சாமானும் சிக்கியது, ஆனால் அறிக்கையில் குற்றமில்லை. இதற்கெல்லாம் நான் பழகியவன்.

வீக்கத்துக்குச் சில நாள் மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கு நான் போடும் மாத்திரையும் யூரிக் அமிலத்தைக் கூட்டும் வகை என்று வேறு எழுதிக் கொடுத்தார். "நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. என்கிட்ட கேட்டுட்டு நிறுத்துங்க" என்றார். மற்றபடி, தேய்க்கக் கூடாது, சூடு கூடாது. துணியில் சுற்றிய ஐஸ், தலையணைமேல் கால், நிறையத் தண்ணீர், எலுமிச்சைத் தண்ணீர், வெண்ணெய் எடுத்த மோர்.

"காபி?"

"குடிங்க. அதை விட்டதால உங்களுக்கு ஒரு லாபமும் இல்ல."

"முடக்கத்தான் தோசை?"

"ருசிக்குச் சாப்பிடுங்க. செர்ரிப் பழம் நல்லதுன்னு சொல்வாங்க, கிடைச்சா அதுவும் சாப்பிடுங்க. ஆனா அதுவே மருந்துன்னு நம்பி உக்காந்திராதீங்க."

"வியாழக்கிழமைக்குள்ள சரியாயிருமா?" இதைக் கேட்டது என் மனைவி. என்ன வியாழக்கிழமை என்று டாக்டர் கேட்க, அவள் விளக்கினாள். "தண்ணி படலாம் ஆண்ட்டி. துடைக்கிறப்பதான் உயிர் போகும்" என்றார்.

ஆட்டோவில் திரும்பினோம். வீடு நெருங்கும்போது, வெளியே பார்த்தபடி என் மனைவி சொன்னாள்: "நான்தானே மீனை வாங்கிட்டு வந்தேன். வாரத்துக்கு ரெண்டு தடவை பஸ் ஏறிச் சிவாஜிநகர் போய். ஃப்ரெஷ்ஷா இருக்கட்டும்னு."

"நான்தானே ரெண்டாந்தடவை கேட்டு வாங்கித் தின்னேன்."

"மூணாந்தடவையும்" என்று திருத்தினாள். அதற்குப் பிறகு கொஞ்சம் சமாதானமானாள்.

அன்று முதல் ஒழுங்குமுறை ஆரம்பமானது. ஒரு தாளில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன்: தண்ணீர் எத்தனை டம்ளர், மோர் எத்தனை, ஐஸ் எந்த நேரம், வீக்கம் நூல் பிடித்து அளந்ததில் எவ்வளவு. "ஆபீஸ்ல எல்லாருக்கும் ரூல் சொன்னீங்க. இப்ப விரலுக்கும் மெமோ கொடுங்க" என்றாள் அவள். ஆனால் டிக் அடித்தது அவள்தான். நான் எழுந்து நடக்க முடியாது.

ஒரு நாளைக்கு நான்கு தடவை, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து என் காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, பழைய கைக்குட்டையில் ஐஸைச் சுற்றி விரலின் பக்கத்தில் வைப்பாள். மேலே வைத்தால் கத்துவேன் என்று ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவாள். குருத்து ஞாயிறுக்கு நான் கோயிலுக்குப் போகவில்லை. எனக்கும் சேர்த்து அவள் வாங்கி வந்த குருத்தோலையைத் தலைமாட்டில் செருகிவிட்டு ஐஸுக்கு உட்கார்ந்தாள்.

"சாமி கால் கழுவுற தண்ணி எப்படி இருக்கும்? சுடுதண்ணியா, பச்சத்தண்ணியா?"

"வெதுவெதுன்னு. கோயில்பிள்ளை பிளாஸ்க்ல கொண்டாந்து கலப்பாரு."

"சாமி குனிஞ்சு முத்தம் கொடுக்கும்போது என்ன செய்யணும்? கும்பிடணுமா?"

"சும்மா இருந்தாப் போதும்."

"எப்படிச் சும்மா இருக்கிறது? எனக்கெல்லாம் கூச்சத்துல சிரிப்பு வந்துரும்" என்றாள். சொன்ன வேகத்தில் கைக்குட்டையைப் பிழிந்து, மறுபடி பிழிய அதில் தண்ணீர் இல்லாமல், எழுந்து போய்விட்டாள்.

எனக்கெல்லாம் என்றாள். சும்மா வாயில் வந்த வார்த்தையாக எனக்குப் படவில்லை. நாற்பத்து நான்கு வருடமாக மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து அந்தச் சடங்கைப் பார்த்தவள், தன் காலை அங்கே எத்தனை தடவை நீட்டிப் பார்த்திருக்கிறாளோ.

பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்து பல வருடம் ஆகிறது. அது முதலில் வந்தது என் கைக்குத்தான். படித்தேன். அதன் ஓரத்தில் 'பேரவையில் விவாதிக்க' என்று எழுதிக் கோப்பில் வைத்தேன். ஒரு காகிதத்தைக் கொல்ல அதைவிடச் சுத்தமான வழி எந்த அலுவலகத்திலும் இல்லை. பெண்கள்மேல் எனக்கு விரோதம் கிடையாது. என் பட்டியல் பிரச்சினை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அடுத்தடுத்து வந்த பங்குத் தந்தையர் என் பட்டியலில் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் கேட்கவில்லை; நானும் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில்கூட.

செவ்வாய்க்கிழமை வீக்கம் வடிந்தது. தோல் உரிந்து அரித்தது. அது நல்ல அறிகுறி என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழைய ரப்பர் செருப்புக்குள் கால் நுழைந்தது. என் மனைவி வேட்டிக்கு இஸ்திரி போட்டுக் கதவில் தொங்கவிட்டாள். நான் போகலாம். போக முடியும். புதன்கிழமை காலை முழுவதும் அந்த வேட்டியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். விட்டுக்கொடுப்பது சுலபமாக இருந்தது என்று எழுதினால் அது பொய்.

பதினொரு மணிக்குப் பங்குத் தந்தைக்குப் போன் செய்தேன். சுற்றறிக்கை எந்த அலமாரியில், எந்தக் கோப்பில் இருக்கிறது என்று முதலில் சொன்னேன். பிறகு என் இடத்தில் யாரை எழுத வேண்டும் என்று சொன்னேன்.

"எனக்கும் தெரியும் சார். நம்ம பங்குல யாரும் கேக்கலயேன்னு இருந்துட்டேன்."

"கேக்கறதுக்கு நான் வழி விடல, சாமி."

அவர் பேனா தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "அம்மாவை ஆறு மணிக்கே வரச் சொல்லுங்க" என்றார்.

என் மனைவியிடம் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என் காலையா? பைத்தியமா உங்களுக்கு? ஊர் சிரிக்கும்."

"ஊர் சிரிச்சா நீயும் சேர்ந்து சிரி. சிரிப்பு வரும்னுதானே சொன்ன?"

"நான் எப்ப சொன்னேன்?" என்றவள் கீரையைத் தள்ளி வைத்தாள். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் புடவை ஓரத்தை இழுத்துப் பாதங்களை மூடிக்கொண்டிருந்தாள். "பித்த வெடிப்பு. பாத்திருக்கீங்களா என் காலை?"

பார்த்ததில்லை. எட்டு நாளாக என் பெருவிரலை நூல் பிடித்து அளந்த வீட்டில், அந்தக் கால்கள்தான் ஐஸுக்கும் மோருக்கும் மருந்துக்கும் நடந்துகொண்டிருந்தன. காட்டு என்றேன். மாட்டேன் என்றாள். சாயங்காலம் வேலையெல்லாம் முடித்து வந்து, தானாகவே கட்டிலில் உட்கார்ந்து நீட்டினாள். குதிகால் இரண்டும் கோடு கோடாக வெடித்து, வெடிப்பின் ஓரம் கறுத்திருந்தது. ஒரு வெடிப்பில் ரத்தம் காய்ந்திருந்தது. அவள் காலை என் மடியில் வைத்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் தடவினேன். கழுவுவது சாமியாரின் வேலை. என் அதிகார வரம்பு எண்ணெயோடு முடிகிறது.

"மெதுவா."

"வலிக்குதா?"

"உங்க விரல் அளவுக்கு இல்ல. அதுக்கு ஊரே எழுந்திருச்சே." மற்றக் காலை என் மடிக்கு நகர்த்திக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு ஆசையா இருந்துச்சே. நகமெல்லாம் வெட்டினீங்களே. குப்பைக் கூடையில பாத்தேன்."

"ஆசைதான்" என்றேன். அவள் என் தலையில் ஒரு தடவை கை வைத்துவிட்டு எடுத்தாள்.

வியாழக்கிழமை மாலை பீடத்தின் முன் பன்னிரண்டு நாற்காலிகள். பதினோரு ஆண்கள், கடைசியில் அவள், நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவையில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல். நான் மூன்றாம் வரிசையில் ஓரமாக, காலை நீட்ட இடம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் இருந்த மனிதர் குனிந்து, "சார், லிஸ்ட்ல உங்க பேருதானே இருந்துச்சு?" என்று கிசுகிசுத்தார். "திருத்தம் வந்திருக்கு" என்றேன்.

பங்குத் தந்தை அவள்முன் மண்டியிட்டுக் காலைப் பிடித்ததும் அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல், கையை நீட்டியபடியே காத்திருந்தார். பாட்டு ஒரு வரி ஓடியது. பிறகு அவளே காலை அவர் கையில் வைத்தாள். அவர் தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், குனிந்தார். அவள் சிரிக்கவில்லை.

ஆட்டோவில் வரும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர் சமையலுக்கு மட்டன் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பேசினாள். எனக்கு இரண்டு துண்டு, அதுவும் டாக்டரைக் கேட்டுவிட்டு.

வெளியே போய்விட்டு வந்தால், வாசல் குழாயில் கால் கழுவாமல் அவள் வீட்டுக்குள் நுழைய மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என்னையும் அப்படி விட்டதில்லை. அன்று குழாய்ப் பக்கம் திரும்பாமல், செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனாள். நான் குழாயைத் திறந்து என் காலை மட்டும் கழுவிக்கொண்டேன்.