கனவு வந்தால் தலையணை பாஸ்

வேலை கிடைத்து நகரத்துக்கு வந்த புதிதில், பட்டச் சான்றிதழ் இருந்த ஃபைலைத்தான் தலைக்கு வைத்துப் படுத்தேன். எங்கள் வம்சத்துக்கே முதல் பட்டம் அது. பத்திரமாக இருக்கட்டும் என்ற நினைப்பு பாதி, தலையணை இல்லை என்ற உண்மை பாதி. வாரம் முடிவதற்குள் கழுத்து இடது பக்கம் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. என் மாடி அறைக்கு நேர் கீழே ஒரு தலையணைப் பட்டறை. விடுமுறை நாளில் இறங்கிப் போனேன்.

நீளமான அறை. ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்த மதிய வெயிலில் பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. விழவும் மனமில்லாமல், மேலே போகவும் தெம்பில்லாமல். ஜன்னலோரப் பலகையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கன்னத்தைத் தலையணையில் பதித்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி எல்லாரும் மும்முரமாக வேலை செய்தார்கள். தையல் மிஷின்கூட அடக்கி வாசித்தது.

"தலையணை ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

தலைமுடி, புருவம், மூக்கு நுனி எல்லாம் பஞ்சு ஒட்டியிருந்த ஒரு பெண் உதட்டில் விரலை வைத்தார். அவருக்குப் பட்டறையில் ஒட்டடை என்று பெயர் என்பது பிறகு தெரிந்தது.

"மெதுவா பேசுங்க. முதலாளி வேலை பாக்குறாங்க."

நான் மறுபடி பார்த்தேன். முதலாளி லேசாகக் குறட்டை விட்டார்.

"இதுவா வேலை?"

"முக்கியமான வேலையே இதுதான். மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குவோம்."

எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் அந்த முதலாளியை நான் முதலில் பார்த்தது இப்படித்தான். சற்று நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் தலையணை உறையின் தையல் வரி. கண்கள் இன்னும் வேறெங்கோ இருந்தன.

"கடல் வந்துச்சுடி," என்றார், யாரிடம் என்றில்லாமல். "கரையில ஒரு ஈ காக்கா இல்ல. அலை வந்து கால்ல படுது. ஆனா நனையல."

"அப்ப போடலாமாக்கா?"

"போடுங்க."

மிஷின்கள் வேகம் எடுத்தன. தரக்கட்டுப்பாடு முடிந்துவிட்டது.

அக்கா ஒரு காலத்தில் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவர். குனிந்து தைத்துத் தைத்துக் கழுத்து வளைந்து, இரவுத் தூக்கம் போனது. கடையில் வாங்கிய தலையணை ஒன்று கல்லாக இருந்தது, இல்லாவிட்டால் காற்றாக இருந்தது. வெறுத்துப்போய் ஒன்றைப் பிரித்துப் பாதிப் பஞ்சை எடுத்தார். மிச்சத்தைக் கழுத்துப் பக்கம் கெட்டியாகவும் தலைப் பக்கம் தளர்வாகவும் அடைத்தார். அன்று கனவில் தண்ணீர் மேல் நடந்தாராம். பக்கத்து வீட்டுக்காரி ஒன்று கேட்டாள், அவளுடைய நாத்தனார் இரண்டு கேட்டாள். அக்கா கம்பெனியை விட்டார். பட்டறை பிறந்தது.

அன்றிலிருந்து ஒரே சட்டம். புதுப் பஞ்சு வந்தால் முதல் தலையணையில் அக்கா தூங்கிப் பார்க்க வேண்டும். நல்ல கனவு வந்தால் சரக்கு வெளியே போகும். "படிக்கட்டுல உருண்டுட்டேன், பிரிங்க எல்லாத்தையும்" என்றால் பிரித்துவிடுவார்கள். யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். வணிகவியல் பாடத்தில் தரம் பார்க்கும் வழிகள் எத்தனையோ படித்துத் தேறியவன் நான். இப்படி ஒன்றைப் படித்ததில்லை. ஆனாலும் செய்தவரே அதை உடம்பால் அனுபவித்துப் பார்ப்பது பெரிய விஷயம் என்று தோன்றியது. தொழில் தொடங்கும் எவருக்கும் அதை இன்றும் சொல்வேன். அதுவே எங்கே காலை வாரும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

ரயில் நிலையத்துக்கு எதிரே புதிதாக ஒரு விடுதி வந்தது. முதலில் ஒரு மாடிக்குத் தலையணை, பிடித்திருந்தால் எல்லா மாடிக்கும், பிறகு வருடா வருடம் என்று பேச்சு. அந்த நம்பிக்கையில் அக்கா பக்கத்து அறையையும் பிடித்து, நான்கு பெண்களை வேலைக்குச் சேர்த்தார். விடுதி கை கொடுத்தால்தான் அந்த நான்கு பேருக்கும் வேலை. இல்லாவிட்டால் அவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அக்கா வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் பட்டறைக்கே தெரியும்.

விடுதிச் சரக்கில் அக்கா தூங்கியபோது நானும் படியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "ஏரி மேல பறந்தேன்," என்றார். "கீழ என் நிழலும் கூடவே வந்துச்சு." அதைவிட நல்ல கனவை அந்தப் பட்டறை கேட்டதில்லை.

சரக்கு போனது. பதில் வரவில்லை. அக்காவின் தம்பிதான் பட்டறை வேனை ஓட்டுகிறவர். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னக்கா, இலவு காத்த கிளி மாதிரி போனையே பாத்துட்டு உக்காந்திருக்க? அந்தக் கிளிக்காவது பழம்னு நெனப்பு. நமக்குப் பஞ்சுதான்னு தெரிஞ்சே காத்திருக்கோம்."

"போடா. போயி வண்டியத் தொடை."

மறுவாரம் அதே வேனில் தலையணைகள் திரும்பி வந்தன, ஒன்று விடாமல். வந்து தங்கியவர்களுக்கெல்லாம் கழுத்து வலியாம். மாதக் கடைசிக்குள் சரியான சரக்கு வராவிட்டால் வேறு கம்பெனியைப் பார்ப்பதாக விடுதி மேலாளர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"பொய் சொல்றாங்க," என்றார் அக்கா. திரும்பி வந்ததில் ஒன்றை உருவி, அங்கேயே படுத்தார். எழுந்தார். "அதே ஏரிதான். இன்னும் தெளிவா இருக்கு. டேய், நீயே சொல்லு, நம்ம தலையணையில என்ன கொறை? தெனம் படுக்குறவன்தானே நீ?"

வேன்காரர் வேனின் கதவைத் திறந்து மூடினார். மறுபடி திறந்தார்.

"அது வந்துக்கா... நான் போர்வைய மடிச்சு வெச்சுக்குவேன்."

"அப்ப நான் குடுத்த தலையணை?"

"என் பொண்டாட்டி அதுல கால் வெச்சுக்குறா. காலுக்கு ரொம்ப சுகமா இருக்காம்."

ஒரு பெண் சிரித்து, உடனே வாயைப் பொத்தினாள். அக்கா ஒவ்வொருவராகப் பார்த்தார். தையல்காரர் நெடுநெடு உயரம், அகன்ற தோள். இரண்டு தலையணையை அடுக்கிக்கொள்வாராம். ஒட்டடைக்குக் குப்புறப் படுக்கும் பழக்கம். தலையணை வைத்தால் மூச்சு முட்டுமாம். முதல் நாள் ஒன்று வாங்கிப் போன நானும் பழையபடி ஃபைலுக்கே திரும்பியிருந்தேன். அந்தப் பட்டறையில், அக்காவைத் தவிர, அக்காவின் தலையணையில் தூங்கும் ஆள் ஒருவர்கூட இல்லை.

"இத்தனை வருஷமா ஏன்டி ஒருத்தியும் சொல்லல?"

ஒட்டடைதான் பதில் சொன்னார். "கடல் பாத்துட்டு எந்திரிக்கும்போது உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுக்கா. அப்பப் போயி எங்க கழுத்து வலியப் பேசச் சொல்றீங்களா?"

நடந்தது என்னவென்று எல்லாருக்கும் மெல்ல மெல்லத்தான் புரிந்தது. நல்ல கனவு வரவேண்டும் என்று பஞ்சடைக்கும் கைகள் வருடத்துக்கு வருடம் அக்காவின் கழுத்தை நோக்கியே நகர்ந்திருந்தன. இங்கே ஒரு பிடி குறைத்து, அங்கே ஒரு பிடி கூட்டி, கடைசியில் ஒரே ஒருத்தியின் வளைந்த கழுத்துக்கு அளவெடுத்துத் தைத்ததைத்தான் ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். தெருவில் ஒன்றிரண்டாக வாங்கியவர்கள், பிடிக்காவிட்டால் பேசாமல் பரணில் போட்டிருப்பார்கள். விடுதி போடவில்லை.

அக்கா பலகையில் உட்கார்ந்து, விரலால் தலையணை உறையை நீவிக்கொண்டே இருந்தார். அந்த மதியத் தூக்கம்தான் அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய சுகம். அதை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்கும் தைரியமும் யாருக்கும் இல்லை.

"நாளையில இருந்து நான் தூங்கல," என்றார். "நீங்க தூங்குங்க."

மறுநாள் மதியம் பட்டறையில் ஒருவர் விடாமல் படுக்க வைக்கப்பட்டார்கள். முதலாளி மட்டும் விழித்திருந்து, வெயில் நகரும் அறையில் பூனை மாதிரி நடந்து ஒவ்வொரு கழுத்தாகக் குனிந்து பார்த்தார். மல்லாந்து படுப்பவர், ஒருக்களிப்பவர், குப்புறக் கிடப்பவர். வேன்காரரின் குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எழுந்ததும் விசாரணை.

"என்னடி கனவு வந்துச்சு?"

"பாத்திரம் தேச்சேன்க்கா," என்றார் ஒட்டடை. "அதுலயும் அடிப்பிடிச்ச பாத்திரம். தலையணை பாஸா, பெயிலா?"

பட்டறையே சிரித்தது. கனவு அன்றோடு கணக்கில் இல்லை. எழுந்ததும் எங்கே வலிக்கிறது என்பதுதான் இனிக் கேள்வி. மாதம் முடிவதற்குள் இரண்டு வகை தேறின: மல்லாந்து படுப்பவருக்குத் தாழ்வானது, ஒருக்களிப்பவருக்கு உயரமானது. குப்புறப் படுப்பவர்களுக்கு எதுவும் வேண்டாம் என்று ஒட்டடை தீர்ப்பு சொல்லிவிட்டார்.

விடுதிக்கு அக்காவோடு நானும் போனேன். மேலாளர் நெற்றியைச் சுருக்கினார்.

"ரெண்டு வகைன்னா, வர்றவங்க எப்படிப் படுப்பாங்கன்னு நான் கேட்டுட்டு இருக்க முடியுமாம்மா?"

"கேக்க வேணாங்க. ஒரு கட்டிலுக்கு ரெண்டையும் வைங்க. பிடிக்காதத அவங்களே தூக்கிப் போட்டுருவாங்க."

அறை சுத்தம் செய்யும் பெண் ஒருவர் விரிப்புகளோடு அந்தப் பக்கம் போனார். அக்கா அவரிடம் திரும்பினார். "ஏம்மா, காலையில நீங்க ரூமுக்குள்ள போறப்ப எந்தத் தலையணை தரையில கெடக்குதுன்னு பாத்துச் சொல்வீங்களா?"

"அதுக்கென்ன, தெனமும் நான்தானே பொறுக்குறேன்."

மேலாளர் ஒரே ஒரு மாடியைக் கொடுத்தார், அதுவும் அரை மனதாக. அக்கா தினமும் காலையில் வேனில் போய் அந்தப் பெண்ணோடு வராந்தாவில் பேசிவிட்டு வந்தார். உயரமானது அதிகம் விழுகிறது என்றால் அதில் ஒரு பிடி பஞ்சு குறையும். தாழ்வானது விழுந்தால் ஒரு பிடி கூடும். நாளாக ஆக, இரண்டும் சரிசமமாக விழுந்து, தரையில் எந்த வகை கிடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போனது. கட்டிலுக்கு ஒன்று நிச்சயம் தங்கியது. கழுத்து வலி என்று யாரும் சொல்லவில்லை. மேலாளர் மற்ற மாடிகளையும் கொடுத்தார்.

இப்போது விடுதியின் எல்லா மாடிகளிலும் அக்காவின் தலையணைகள் இருக்கின்றன. அந்த நான்கு பெண்களும் பக்கத்து அறையில் வேலை செய்கிறார்கள். அண்மையில் ஒரு மருத்துவமனையிலிருந்து தலையணை கேட்டு ஆள் வந்தார். படுத்திருப்பவர்களைப் பார்த்துப் பேசிவிட்டுச் சொல்வதாக அக்கா பதில் சொல்லியிருக்கிறார். இந்த வாரம் அங்கேதான் போய் வந்துகொண்டிருக்கிறார்.