குணமாகிவிட்டேன் என்று எனக்குச் சொன்னார்கள்

என் இடுப்பு குணமான செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. நியூஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் எங்கள் அபார்ட்மெண்டின் மாடிப்படியில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பாதி வழியில் நின்றிருந்தேன். மேலே போவதா, கீழே போவதா என்று எனக்கும் இடுப்புக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. அப்போது ஃபோன் ஒலித்தது. எங்கள் தமிழ் ஐக்கியத்தின் குழுவில் தலைவர் அங்கிள், "நம் சகோதரியின் இடுப்பைக் கர்த்தர் பூரணமாகச் சுகமாக்கினார்" என்று போட்டிருந்தார். அதன் கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. நானும் ஒன்று போடலாமா என்று யோசித்தேன். யாருக்காவது நல்லது நடந்தால் வாழ்த்துவதுதானே முறை!

உண்மையைச் சொன்னால், ஒரு கணம் நம்பவும் செய்தேன். இத்தனை பேர் சொல்கிறார்களே, எனக்குத்தான் தகவல் தாமதமாக வருகிறதோ என்று கைப்பிடியை விட்டுவிட்டு ஒரு படி ஏறிப் பார்த்தேன். இடது காலில் இடுப்பிலிருந்து குதிகால் வரை நெருப்பு ஓடியது. மறுபடியும் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு இருப்பது முதுகெலும்பில் டிஸ்க் விலகிய வலி. இரண்டு வருடமாக என்னோடு குடியிருக்கிறது. வாடகை கிடையாது, காலி செய்கிற எண்ணமும் கிடையாது. இந்த இரண்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது, வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டுவிடலாம் என்பதுதான். வலிக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்களைப் பொறுத்துக்கொள்வதற்குத்தான் விசேஷ கிருபை வேண்டும். ஒரு ஆன்ட்டி எருசலேமிலிருந்து வந்தது என்று ஒரு எண்ணெய்க் குப்பி கொடுத்தார். அதன் அடியில் பக்கத்து ஊர் எடிசனில் இருக்கும் இந்தியக் கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. இன்னொருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, "அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கா சிஸ்டர்? யோசிச்சுப் பாருங்க" என்றார். யோசித்தேன். நிறையவே இருந்தது. ஆனால் அதில் எது இடுப்புக்கு உரியது, எது கழுத்துக்கு உரியது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இத்தனைக்கும் என் பிழைப்பே பிறர் உபாதைகளை எழுதுவதுதான். ஒரு மருந்து கம்பெனியில் வேலை. மருந்து சாப்பிட்டவர்களுக்கு என்ன கோளாறு வந்தாலும் பதிவு செய்ய வேண்டும். ஒஹாயோவில் ஒருவருக்கு மூக்கு அரித்தாலும் நான் எழுதியாக வேண்டும். அது மருந்தினால் வந்ததா, மகரந்தத்தினால் வந்ததா என்பது பிறகு. முதலில் நடந்தது நடந்தபடி வரவேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை இந்த ஒழுங்கில் வாழ்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஐக்கியத்துக்குப் போனால் அங்கே வேறு சட்டம். யாருக்கும் எதுவும் அரிக்கக் கூடாது. அரித்தாலும், "அரிப்பு நீங்கிவிட்டது" என்று சொல்லிவிட்டுத்தான் சொறிய வேண்டும்.

ஐக்கியம் என்றால், சுற்று வட்டாரத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அமெரிக்கர்களின் ஒரு சர்ச்சில் கீழ்த்தளத்துக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, ஞாயிறு பிற்பகலில் கூடுவது. சனிக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் இருக்கும். என் அற்புதம் நடந்தது அப்படி ஒரு சனிக்கிழமையில்தான். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை டாக்டர் என் முதுகில் ஊசி போட்டிருந்தார். வலி அடங்கியிருந்தது. ஜெபக்கூட்டம் நடக்கும் வீட்டு வாசலில் எப்போதும் போல ஒரு மலை அளவுக்குச் செருப்பும் ஷூவும் குவிந்து கிடக்கும். அதில் கைத்தடியை ஊன்றினால் வழுக்கும் என்று தடியைக் காரிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"சிஸ்டர்! ஸ்டிக் எங்க?" என்றார் தலைவர் அங்கிள்.

"கார்ல இருக்கு அங்கிள். செவ்வாய்க்கிழமை ஊசி போட்டாங்க, அதனால..."

"அல்லேலூயா!"

என் மீதி வாக்கியம் கீபோர்டுக்குள் போய்விட்டது. எங்கள் ஐக்கியத்தில் கீபோர்டு வாசிப்பவர் என் கணவர். அங்கிள் கையை உயர்த்தினால் ஸ்வரத்தை அழுத்த வேண்டும் என்பது அவருக்குப் பழகிப்போன விஷயம். பெண்டாட்டி பேசிக்கொண்டிருக்கிறாளா என்றெல்லாம் பார்க்கிற வழக்கம் கிடையாது. பாட்டு முடிந்தபோது நான் சுகமடைந்திருந்தேன். எலுமிச்சை சாதத்தை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாக ஊசியைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் புன்னகையோடு தலையாட்டினார்கள். மறுநாளே வலி திரும்பிவிட்டது, வாட்ஸ்அப்பில் வந்த செய்தியில் ஊசி இல்லை.

சரி, என் இடுப்புதானே, யார் எப்படி வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்திருப்பேன். ஆனால் மூன்று வாரம் கழித்து, எங்கள் அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கில் ஒரு இளம்பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளும் ஐக்கியத்துக்கு வருபவள்தான், பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறாள். நாலு வயதுப் பெண் குழந்தை. கணவர் டாலஸில் ஒரு ப்ராஜெக்டில், மாதம் ஒரு முறை வந்து போகிறார். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு, மாத்திரையில் கட்டுப்பட்டிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஆன்ட்டி, உங்ககிட்ட ஒரு குட் நியூஸ். நான் டேப்லெட்ஸ் ஸ்டாப் பண்ணிட்டேன்."

"எந்த டேப்லெட்?"

"ஃபிட்ஸ்க்குப் போடுறதுதான். நீங்க ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுட்டு நடந்து வந்தீங்கல்ல, அதைப் பார்த்ததும் எனக்குள்ள ஒரு விசுவாசம் வந்துச்சு."

அவள் அப்போதுதான் குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையை டேகேரில் விட்டுவிட்டு, ரூட் ஒன் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவள்.

"நான் தூக்கிப் போடலம்மா. கார்ல வெச்சுட்டு வந்தேன். முதுகுல ஊசி போட்டிருந்தாங்க. இப்போ வலி திரும்பி வந்துடுச்சு, பாரு" என்று கையில் இருந்த தடியைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் தடியை இரக்கத்தோடு பார்த்தாள். "நீங்க ரொம்ப ஹம்பிள் ஆன்ட்டி. சுகமானதுக்கு அப்புறமும் வலிக்கிற மாதிரி சாத்தான் காட்டுவானாம். அங்கிள் சொன்னாங்க. நம்பாதீங்க."

வலிக்கவில்லை என்றால் அற்புதம். வலிக்கிறது என்றால் சாத்தான். நடுவில் நான் என்று ஒருத்தி இருப்பதற்கு இடமே வைக்கவில்லை. அவள் கணவரிடம் சொன்னாளா என்று கேட்டேன். வரப்போகிற அறுப்பின் பண்டிகையில், அதாவது அறுவடை விழாவில், தான் சுகமானதை எல்லோர் முன்னும் மைக்கில் சாட்சியாகச் சொல்லிவிட்டு, அந்த வீடியோவை அவருக்கு அனுப்பி ஆச்சரியப்படுத்தப் போவதாகச் சொன்னாள். அதுவரைக்குமாவது என் காரில் வந்துவிடு என்று கெஞ்சினேன். வலி இடது காலில் என்பதால் எனக்குக் கார் ஓட்டுகிற பாக்கியம் மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு நாள் வந்தாள். அடுத்த நாள் கண்ணாடியை இறக்கிக் கையசைத்துவிட்டு அவளே ஓட்டிக்கொண்டு போனாள்.

தலைவர் அங்கிளுக்கு ஃபோன் செய்தேன்.

"நாம யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொன்னதே இல்லையே சிஸ்டர்" என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அது உண்மைதான். யாரும் நிறுத்தச் சொன்னதில்லை. நிறுத்தியவர்களுக்குக் கைதட்டுவோம், அவ்வளவுதான்.

"பண்டிகை அன்னைக்கு முதல்ல உங்க சாட்சி, அதுக்கப்புறம் அவங்க சாட்சி. பெரிய ஆசீர்வாதமா இருக்கும்" என்று சொல்லி எனக்காக ஃபோனிலேயே ஜெபித்தும் விட்டார். நான் ஆமென் சொல்லவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

தனியாகச் சொன்னால் தாழ்மை, எல்லோர் முன்னும் சொன்னால்தான் சாட்சி என்று எனக்குப் புரிந்துவிட்டது. கணவரிடம் சொன்னேன். அவர் அப்போது தரையில் உட்கார்ந்து என் காலுக்கு சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். குனிய முடியாமல் போன நாளிலிருந்து தினமும் அவர்தான் மாட்டிவிடுகிறார்.

"எல்லார் முன்னாடியும் வலிக்குதுன்னா சொல்லப்போற? 'முன்னைக்கு இப்போ பெட்டர்'னு சொல்லேன்."

"பெட்டர் இல்லையே."

"ஒரு விசுவாசத்துல சொல்லு."

"அந்தப் பொண்ணு கார் ஓட்டுறா. பின்சீட்ல குழந்தை."

அவர் வலது கால் சாக்ஸை இழுத்து முடித்தார். இடது காலுக்கு வந்தபோது வழக்கம் போல மெதுவாகத் தூக்கித் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கியது. இந்த மனிதர் மேல் கோபப்படுவதுகூட எனக்குக் கைவரவில்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் ஐக்கியத்தில் யாரும் எதையும் விதைப்பதும் இல்லை, அறுப்பதும் இல்லை. ஆகவே எல்லோரும் இந்தியக் கடையில் அறுவடை செய்துகொண்டு வருவோம். பாலிதீன் உறையோடு முருங்கைக்காய், பூசணிக்காய், கரும்பு எல்லாம் பீடத்துக்கு முன்னால் குவிந்திருந்தன. ஆராதனை முடிந்ததும் நாங்களே அதை ஏலத்தில் எடுத்து, வாங்கிய கடைக்குப் பக்கத்திலேயே இருக்கும் எங்கள் வீடுகளுக்குக் கொண்டு போவோம். அன்று பால்கனித் தொட்டியில் நிஜமாகவே காய்த்த நாலு தக்காளியை ஒருவர் கொண்டுவந்திருந்தார். அது சின்னதாக இருக்கிறது என்று பின்வரிசையில் வைத்துவிட்டார்கள்.

சாட்சி நேரம் வந்தது. அங்கிள் மைக்கை என்னிடம் கொடுத்தார். தடியை ஊன்றிக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் இரண்டாம் வரிசையில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஃபோனில் என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் இடுப்பு சுகமாகலை" என்றேன்.

கூடத்தின் மூலையில் காபி இயந்திரம் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"டாக்டர் ஊசி போட்டாங்க. கொஞ்ச நாள் வலி குறைஞ்சிருந்துச்சு. திரும்பி வந்துடுச்சு. இந்த நிமிஷம்கூட வலிக்குது. கர்த்தர் நினைச்சா சுகமாக்கலாம். இன்னும் ஆக்கலை. ஏன்னு எனக்குத் தெரியாது. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இருக்கேன், சில நாள் சண்டை போட்டும் கேக்குறேன். அவர் கேக்குறார்னு நம்புறேன். மாத்திரையும் சாப்பிடுறேன். என்னைப் பார்த்து யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தா, இன்னைக்கே டாக்டருக்கு ஃபோன் பண்ணிடுங்க."

நாங்கள் வேதத்தில் பாடு அனுபவித்தவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்து உருகுகிறவர்கள். ஆனால் அப்படி ஒருத்தி எழுந்து வந்து மைக்கைப் பிடித்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கிள் எழுந்தார். "சிஸ்டர் விசுவாசத்துல பலப்பட நாம ஜெபிப்போம்" என்று சொல்லிக் கையை உயர்த்தினார். கீபோர்டு வரவில்லை. திரும்பிப் பார்த்தார். என் கணவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் தாமாகவே ஒரு பாட்டைத் தொடங்கினார். ஆளுக்கொரு சுதியில் சபை சேர்ந்துகொண்டது.

பாட்டின் நடுவில் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அவள் சாட்சிக்கு அங்கிள் பெயர் சொல்லி அழைத்தபோது நாற்காலி காலியாக இருந்தது. நான் தடியை ஊன்றி ஊன்றி வெளியே அவள் கார் நின்ற இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பின்சீட்டில் முறுக்கு தின்றுகொண்டிருந்தது. அவள் கார் கதவில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் ஆன்ட்டி இப்படிப் பண்ணினீங்க? உங்களுக்கு சரியாயிருந்தா எனக்கும் சரியாயிருக்கும்னு நினைச்சேன்."

"எனக்கும் அந்த ஆசைதாம்மா" என்றேன். இதைச் சொல்லும்போது எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு வருடத்தில் நான் ஐக்கியத்தில் யார் முன்னாலும் அழுததில்லை. அழுதால் அதற்கும் ஒரு ஜெபக்கூட்டம் வைத்துவிடுவார்கள்.

அவள் என் காலையும் தடியையும் பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதா ஆன்ட்டி?"

அந்த ஐக்கியத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. 'இப்போ பெட்டரா?' என்றுதான் கேட்பார்கள்.

"ரொம்ப வலிக்குதும்மா."

அவள் பின்சீட்டுக் குழந்தைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குப் போன வாரம் ஃபிட்ஸ் வந்துச்சு ஆன்ட்டி. கிச்சன்ல. முழிச்சுப் பார்த்தா பாப்பா பக்கத்துல உக்காந்து என் முடியைத் தடவிட்டிருந்தா. எவ்வளவு நேரமா உக்காந்திருந்தாளோ தெரியல. யார்கிட்டயும் சொல்லல. சாத்தானோட வேலைன்னு நினைச்சுக்கிட்டேன்."

நான் கையை நீட்டினேன். கார்ச் சாவியைக் கொடுத்துவிட்டு, மறுபுறம் சுற்றிப் போய் உட்கார்ந்தாள். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தேன். வண்டியைக் கிளப்பவில்லை. அவள் டாக்டரின் எண்ணைத் தேடி அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரு இசையைப் போட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். ஃபோனை ஸ்பீக்கரில் வைத்து மடியில் வைத்துக்கொண்டாள். கூடத்தில் ஏலம் தொடங்கிவிட்ட சிரிப்புச் சத்தம் கேட்டது.

கடைசியில் ஒரு பெண் குரல் எடுத்தது. எப்போதிலிருந்து மாத்திரை எடுக்கவில்லை, அதன் பிறகு வலிப்பு ஏதும் வந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டது. அவள் பின்சீட்டில் இருந்த குழந்தையை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒன்றுவிடாமல், நடந்ததை நடந்தபடி சொன்னாள்.