படுகையில் எண்ணிய குருவிகள்

என் அண்ணன் மேடையில் காட்டுகிற குருவிக் கணக்கு அவனுடையது அல்ல. என்னுடையது.

நீடாமங்கலத்தை அடுத்து, வெண்ணாற்றுக்கும் கரைக்கும் நடுவே கிடக்கும் 'படுகை'யில், மூங்கில் புதருக்கடியில் சருகைக் கிளறித் திரியும் ஆறுமணிக்குருவி, பொழுது சாயும் நேரத்தில் இரண்டு துண்டாகச் சீழ்க்கையடிக்கும். முதல் துண்டு ஏறும், அடுத்தது இறங்கும். வடக்கிலிருந்து ஐப்பசியில் வந்து சித்திரையில் போய்விடும். கிறிஸ்துமஸ் லீவில் ஒரு சாயங்காலம் அவற்றை எண்ணுவது எங்கள் வீட்டு வழக்கம். வாத்தியாரான அப்பா தொடங்கி வைத்தது.

அண்ணனுக்குக் காது போதாது. ஒரே குருவி இரண்டு தரம் கூப்பிட்டால் இரண்டு என்பான். ஒரு குருவி பிடித்த இடத்தை அந்தப் பருவம் முழுக்க விடாது, ஆகவே புதர் புதராக நின்று கேட்டால்தான் கணக்கு சரிவரும் என்று கண்டுபிடித்தவள் நான். முள்ளிலும் சேற்றிலும் நின்றவளும் நான். அவன் கரையில் நோட்டோடு உட்கார்ந்திருப்பான். "அவன் எழுத்து முத்து முத்தா இருக்கும். நீ கேட்டு வந்து சொல்லு, அவன் எழுதிக்கட்டும்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நோட்டு அப்படித்தான் அவனுடையதாயிற்று.

தெருவுக்கு ஒருவர் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போன காலத்தில், நோட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அவனும் போனான். எனக்கு டைப்ரைட்டிங் கிளாஸ் போதும் என்றார்கள். அந்தப் பொறாமை இன்னும் ஆறவில்லை. மறைக்கப் போவதும் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பக்கத்துத் தெரு எஸ்.டி.டி. பூத்துக்கும், பின்னாளில் செல்போனுக்கும் கூப்பிடுவான். அம்மாவிடம் பேசி முடித்ததும் என்னிடம், "இந்த வருஷம் எத்தன பாப்பா?" என்பான். படுகையில் என் காதுக்குக் கேட்டதைச் சொல்வேன்.

ஒரு வருஷம், அவன் பனியில் நின்று எடுத்த போட்டோவை அம்மா கோயிலில் ஒருவர் விடாமல் காட்டிவிட்டு வந்தாள். அன்று படுகையில் நாலுதான் கேட்டது. ஒன்பது என்றேன்.

"ஒன்பதா? நல்லா கேட்டியா?"

"நீ போனப்புறம் எல்லாம் சந்தோஷமா வருதுண்ணே."

ஒன்பது என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டான். எனக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு ருசித்தது.

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு கூட்டத்தில் பேச வந்தான். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் குருவிக் கணக்கின் கோடு ஒன்று எங்கள் சின்ன வயதின் உயரத்தில் தொடங்கி, வருஷா வருஷம் சரிந்து, கடைசியில் தரையில் படுத்துவிட்டது. அது உண்மை. மூங்கிலை வெட்டி மனை போட்ட பிறகு, இரண்டு வருஷமாக எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை. கோட்டின் நடுவில் மட்டும் ஒரு புடைப்பு. அந்த வருஷம் நல்ல மழை, சருகுக்கடியில் பூச்சி நிறைய என்று விளக்கம் சொன்னான். கைதட்டினார்கள். பேச்சு முழுக்க 'நான் எண்ணினேன்', 'நான் எண்ணினேன்' என்றுதான்.

மழையும் இல்லை, பூச்சியும் இல்லை. அந்த ஐந்து குருவிகளை வயிற்றெரிச்சலில் சேர்த்தவள் நான். ஊரறிய எழுதிவிட்டேன், அந்த ஐந்தையும் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். மற்ற வருஷங்கள் அத்தனையும் மெய். அண்ணே, இதைப் படித்துவிட்டுத் தனியாக எனக்குப் போன் பண்ணாதே. அதே மேடையில் ஏறி, கைதட்டிய அதே ஆட்களிடம் சொல்: படுகையில் நின்று கேட்டது யார்?